எட்டு மாதத்தில் கையால் வரைந்த அசைபடம்: எவ்வளவு நீளம், எந்த வரிசை?

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவர்கள் மூன்று பேர். ஜூலையில் தொடங்கிப் பிப்ரவரி இறுதிக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். ஒரு டீக்கடையின் ஒரு நாளை, தாளில் பென்சிலால் வரைந்து, ஐந்து நிமிட அசைபடமாக எடுக்க விரும்புகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்று கேட்கிறார்.

மென்பொருளைப் பிறகு பார்ப்போம். முதலில் முடிவு செய்ய வேண்டியது படத்தின் நீளம். டீக்கடை மிக நல்ல களம். ஆனால் மூவர் எட்டு மாதத்தில் ஐந்து நிமிடம் வரைய முடியாது என்பதும், இரண்டு நிமிடம் வரைந்து ஒழுங்காக முடிக்க முடியும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான கணக்கைக் கீழே தருகிறேன். உங்கள் நிலைமைக்கேற்ப எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம்களுக்கு நிறுத்திக் காட்டினால் நொடிக்கு 12 படங்கள் போதும். இதைத்தான் அனிமேஷன்காரர்கள் 'டூஸ்' என்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள், ஐந்து நிமிடத்துக்கு 3,600 படங்கள். இவை ஒரு கதாபாத்திரம் மட்டும் அசையும்போது ஆகும் எண்ணிக்கை. டீ மாஸ்டரும் வாடிக்கையாளரும் ஒரே ஷாட்டில் தனித்தனியாக அசைந்தால் அந்த ஷாட்டுக்கு இது இரட்டிப்பாகும். மேலும், படம் ஒவ்வொன்றும் ஒரே தடவையில் முடிவதில்லை. ரஃப் வரைய வேண்டும், உருவத்தைத் திருத்த வேண்டும், சுத்தமான கோட்டில் மறுபடி எடுக்க வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும். இந்த நான்கு வேலைகளுக்கும் சேர்த்துப் படத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தால், கல்லூரி முடிந்து மாலையில் நான்கு மணி நேரம் உட்காரும் ஒருவர் நாளொன்றுக்கு 12 படங்கள் முடிப்பார்.

ஜூலையும் ஆகஸ்டும் கதைக்கும், அதை ஷாட் ஷாட்டாகக் கட்டங்களில் வரையும் ஸ்டோரிபோர்டுக்கும் போய்விடும். பிப்ரவரி முழுவதும் ஒலிக்கும் இறுதித் தொகுப்புக்கும் வேண்டும். எஞ்சிய ஐந்து மாதங்களில் செமஸ்டர் தேர்வு, தீபாவளி, பொங்கல், காய்ச்சல் எல்லாம் கழித்தால் ஏறக்குறைய 100 வேலை நாட்கள் மிஞ்சும். மூவரில் ஒருவர் பின்னணி ஓவியம், ஸ்கேன், ஒலி ஆகியவற்றைக் கவனிக்க, மற்ற இருவர் வரைந்தால் 2,400 படங்கள். அவற்றில் நான்கில் ஒன்றையாவது மீண்டும் வரைய நேரும் என்பதால் கையில் நிற்பது 1,800. இரண்டு நிமிடத்துக்கு வேண்டியவை 1,440. மீதமுள்ள 360 படங்கள், இருவர் சேர்ந்து அசையும் ஷாட்டுகளுக்கான கையிருப்பு. அந்தக் கையிருப்பு இல்லாமல் திட்டமிடும் படங்கள்தான் ஜனவரியில் பாதியில் நின்றுபோகின்றன.

கைக்கு ஏற்றபடி படத்தை அமைப்பது புதிதன்று. எமில் கோல் என்ற ஓவியர் 1908இல் பிரான்சில் எடுத்த 'ஃபான்டாஸ்மகோரி' இரண்டு நிமிடம்கூட ஓடாத படம். அதற்காக அவர் வரைந்தவை சுமார் 700 படங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பிரேம்களுக்குப் படம்பிடித்தார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டில் குச்சி மனிதர்களை வரைந்து, நெகட்டிவாக அச்சிட்டுக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதுபோல் காட்டினார். பின்னணி எதுவும் கிடையாது. தன் ஒரு கையால் எவ்வளவு வரைய முடியும் என்பதற்கு ஏற்ப அவர் அமைத்துக்கொண்ட ஓவிய பாணி அது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கோடுகள் உயிரோடு இருக்கின்றன. 1914இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை வரைந்தபோது, பாறையும் மரமும் அசையாதவை என்றாலும், ஒவ்வொரு தாளிலும் அவற்றை உதவியாளர் ஒருவர் புதிதாக நகலெடுத்து வரைய வேண்டியிருந்தது. அசையும் உருவத்தை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் தனியாக வரைந்து, ஒரே பின்னணியின் மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்க அனிமேஷன்காரர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததும் அதே 1914இல்தான். இன்று கணினியில் 'லேயர்' என்று நாம் பிரிப்பது அந்த யோசனையைத்தான். உங்கள் படத்தில் பாய்லர், பெஞ்சு, கண்ணாடி பிஸ்கட் ஜாடிகள் எல்லாம் ஒரே ஒருமுறை, நேரம் எடுத்து, அழகாக வரையப்பட வேண்டியவை. மாஸ்டரின் உடம்பு அசையாமல் கை மட்டும் அசையும் இடத்தில் கையை மட்டும் தனித் தாளில் வரையுங்கள்.

கதையைப் பொறுத்தவரை, 'ஒரு நாள்' என்பதை 'ஒரு கிளாஸ் டீ' என்று சுருக்கிப் பாருங்கள் என்பதே என் யோசனை. விடியற்காலை பால் கொதிப்பதில் தொடங்கி இரவு பெஞ்சைக் கழுவிவிடுவது வரை காட்ட வேண்டுமென்றால், ஒரு செல்பேசி கேமராவே அதை உங்களைவிட நன்றாகக் காட்டிவிடும். தாளில் வரையும்போது உங்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி, ஒன்று இன்னொன்றாக மாறுவது. கிளாஸிலிருந்து எழும் ஆவி, குடிப்பவர் மனத்தில் ஓடுவதன் வடிவத்தை எடுக்கலாம். அடுத்த நொடியில் அது கலைந்து இன்னொருவரின் கிளாஸுக்குள் இறங்கலாம். இத்தகைய ஒரு காட்சிக்கு வசனம் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். பொழுது நகர்வதைப் பின்னணி ஓவியத்தின் வெளிச்சத்தை மாற்றியே சொல்லிவிடலாம். அதற்கு மூன்று ஓவியங்கள் போதும்.

கதை முடிவானதும் ஸ்டோரிபோர்டு, அதன்பின் அனிமேட்டிக். ஸ்டோரிபோர்டின் ஒவ்வொரு கட்டத்தையும் அந்த ஷாட் ஓட வேண்டிய நேரத்துக்குத் திரையில் நிறுத்தி, தற்காலிக ஒலியைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதே அனிமேட்டிக். நேரத்தைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். எழுந்து நின்று, அந்தச் செயலை நீங்களே நடித்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து எழுதுங்கள். பத்து நொடி ஷாட் ஒன்று தேவையில்லை என்று ஆகஸ்டில் தெரிந்தால் நீங்கள் இழப்பது மூன்று கட்டங்கள். ஜனவரியில் தெரிந்தால் 120 படங்கள். கதையே தெரியாத ஒருவரிடம் அனிமேட்டிக்கைக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். ஆகஸ்ட் கடைசியில் அனிமேட்டிக்கைப் பூட்டிவிட்டு, அதன் பிறகு நீளத்தில் கை வைக்கக் கூடாது என்று மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்குப் பெரிய செலவு ஆகாது. தொழில்முறை ஸ்டூடியோக்களில் நடுவில் ஒரு வட்டத் துளையும் இருபக்கமும் இரண்டு தட்டையான துளைகளும் கொண்ட தாளையும், தாள் நகராமல் பிடிக்க அதற்கேற்ற முளைகள் கொண்ட பெக் பட்டையையும் பயன்படுத்துவார்கள். உங்களுக்குச் சாதாரண ஏ4 ஜெராக்ஸ் தாளும், அலுவலகங்களில் உள்ள இரண்டு துளை பஞ்சிங் மெஷினும் போதும். அதன் துளைகள் 80 மில்லிமீட்டர் இடைவெளியில், 6 மில்லிமீட்டர் விட்டத்தில் விழும். அதே அளவில் இரண்டு முளைகளை ஒரு பட்டையில் பொருத்தித் தரும்படி தச்சரிடம் கேளுங்கள். பால்நிற அக்ரிலிக் பலகையின் அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டினால் லைட் பாக்ஸ் தயார். தாளின் எடை 70 ஜி.எஸ்.எம். அளவுக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராமுக்கு, மேல் போக வேண்டாம். போனால் அடியில் உள்ள படங்கள் தெரியாது. இரண்டு நிமிடப் படத்தின் ரஃபுக்கு மூன்று ரீம், சுத்தப்படிக்கு மூன்று ரீம் என்று வாங்கிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் மாணவப் பருவத்தில் பாதிப் படம் வரைந்த நிலையில் எங்கள் பஞ்சிங் மெஷின் உடைந்தது. கடைக்குப் போய் அதேபோல் இன்னொன்றை வாங்கி வந்து வேலையைத் தொடர்ந்தோம். இரண்டு துளைகளுக்கும் இடையிலான தூரம் சரியாகத்தான் இருந்தது; தாளின் விளிம்பிலிருந்து துளை விழும் ஆழம் மட்டும் சுமார் ஒரு மில்லிமீட்டர் மாறியிருந்தது. தாளின் விளிம்பை வைத்து ஸ்கேன் செய்திருந்ததால், புது மெஷினில் துளையிட்ட தாள் வரும்போதெல்லாம் பாத்திரம் சற்றே துள்ளியது. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்தோம். ஆகையால் ஆறு ரீமையும் ஒரே மெஷினில் தொடக்கத்திலேயே துளையிட்டு வைத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது தாளின் விளிம்பை நம்பாமல், பெக் பட்டையையே ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி, அதில் மாட்டி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நெளியும். அந்த மாதங்களில் ஷாட் வாரியாகப் பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு தாளின் கீழ் வலது மூலையிலும் ஷாட் எண்ணும் பட எண்ணும் இருக்க வேண்டும். அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் கீ படங்களின் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவது வழக்கம்.

இனி வரைவதற்கு வருவோம். உங்கள் படத்தில் கட்டாயம் வரப்போகும் ஒரு ஷாட்டையே எடுத்துக்கொள்கிறேன்: மாஸ்டர் டீ ஆற்றுவது. வலது கையில் மக்கு, இடது கையில் கிளாஸ். மக்கு மார்பளவிலிருந்து தலைக்கு மேல் எழும். கிளாஸ் இடுப்புக்கு இறங்கும். நடுவில் டீ ஒரு கயிறுபோல் நீளும். உச்சியில் ஒரு கணம் நின்று, கை திரும்பி வரும். ஒரு சுற்று 40 பிரேம்கள், அதாவது 20 படங்கள். எழுவதற்கு ஏழு படங்கள், உச்சியில் நான்கு, இறங்க ஏழு, மீண்டும் மக்கைச் சாய்ப்பதற்கு இரண்டு. இருபதாம் படத்திலிருந்து முதல் படத்துக்குத் தடையில்லாமல் சேரும்படி அமைத்துவிட்டால், மூன்று முறை சுழலவிட்டு ஐந்து நொடி பெறலாம். 60 படங்களுக்குப் பதில் 20.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, கையின் பாதை. தொடக்கப் படத்தையும் இறுதிப் படத்தையும் வைத்துக்கொண்டு நடுப்படத்தை நேர்க்கோட்டில் வரைந்தால், கை லிஃப்ட் போல் மேலே போகும். தோளை மையமாகக் கொண்டு மக்கு வளைவில் போக வேண்டும். நடுப்படத்தில் முழங்கை முன்னால் போக, மணிக்கட்டு சற்றுப் பின்தங்கி வர வேண்டும். எழும் ஏழு படங்களும் சம இடைவெளியில் இருக்கக் கூடாது. தொடக்கத்தில் நெருக்கமாக, நடுவில் அகலமாக, உச்சியை அடையும்போது மீண்டும் நெருக்கமாக வர வேண்டும். இந்த இடைவெளிகளைத் தாளின் ஓரத்தில் ஒரு சிறு கோட்டில் குறித்துக்கொண்டால், இன்பிட்வீன் எனப்படும் இடைப்படங்களை வரையும் நண்பருக்கு உங்கள் கணக்கு புரியும்.

இரண்டாவது, டீயின் ஓட்டம். மக்கை நிமிர்த்தியதும் கயிறு மேல்முனையில் அறுபட்டு, அந்த வால்முனை கீழே விழ வேண்டும். அந்த விழுதலைச் சம இடைவெளியில் வரைந்தால் டீ விழாது. யாரோ நூலைச் சுருட்டுவது போல் தெரியும். விழும் எந்தப் பொருளும் சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ சுமார் 0.45 நொடி, அதாவது 11 பிரேம்கள் ஆகும். டூஸில் வரைந்தால் மேலிருந்து 3, 14, 31, 54, 85 சென்டிமீட்டர் தூரங்களில் வால்முனையை வைத்து ஐந்து படங்கள். ஆறாவதில் அது கிளாஸுக்குள் போய், நுரை விளிம்பு வரை எழுகிறது. அந்த நுரை எழுந்து ஒரு சுற்று அடங்கினால்தான் பார்ப்பவருக்கு டீயின் கனம் தெரியும். நான் நுரைக்காக மட்டும் இரண்டு படங்கள் கூடுதலாகச் செலவிடத் தயங்கமாட்டேன்.

வரையும்போது ஐந்து தாள்களை விரலிடுக்கில் பிடித்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே கைக்குக் கொண்டுவாருங்கள். லைட் பாக்ஸை எப்போதும் எரியவிட்டுக் கீழ்ப்படத்தை நகலெடுப்பவரின் கோடு செத்துப்போகும். புரட்டிப் பார்த்து வரைபவருக்கு அசைவு கண்ணில் இருக்கும். ரஃபை வெளிர்நீல கலர் பென்சிலில் போட்டு, அதன்மேல் 2பி பென்சிலால் இறுதிக் கோடு இழுத்தால், ஸ்கேனுக்குப் பின் நீலத்தைக் கணினியில் நீக்கிவிடலாம்; பல ஷாட்டுகளுக்குத் தனிச் சுத்தப்படியே தேவைப்படாது. கோடு படத்துக்குப் படம் சற்றே துடிப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். மாஸ்டர் சும்மா நிற்கும் இடத்தில்கூட ஒரே படத்தை உறையவைக்காமல், அதையே மூன்று முறை நகலெடுத்து மாற்றி மாற்றிக் காட்டினால் அவர் மூச்சுவிடுவது போலிருக்கும்.

ரஃப் முடிந்த ஒவ்வொரு ஷாட்டையும் அன்றைக்கே பென்சில் டெஸ்ட் எடுங்கள். செல்பேசியை மேசைக்கு மேல் அசையாமல் கட்டி, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, 'ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ' போன்ற ஒரு செயலியில் நொடிக்கு 12 படங்கள் என்று வைத்து எடுத்தால் பத்து நிமிட வேலை. டெஸ்ட் எடுத்த ஷாட்டை அனிமேட்டிக்கில் உரிய இடத்தில் மாற்றிச் செருகிக்கொண்டே வாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: படம் முழுவதும் ரஃபில் ஓடும்வரை ஒரு ஷாட்டுக்குக்கூட வண்ணம் தீட்டக் கூடாது. முதல் இருபது நொடியை மெருகேற்றி எல்லோரிடமும் காட்டிப் பாராட்டு வாங்கிவிட்டு, மீதிப் படத்தை முடிக்க முடியாமல் நின்ற மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முழுப் படமும் ரஃபில் இருந்தால் பிப்ரவரியில் எந்த நிலையிலும் அதை ஒப்படைக்கலாம். பென்சில் கோட்டிலேயே அது ஒரு படம்.

முதல் ஷாட்டிலிருந்து வரிசையாக வரைவதும் வேண்டாம். நடுவிலிருந்து எளிய ஷாட்டுகளை முதலில் எடுங்கள். ஐந்து மாதம் தொடர்ந்து வரைந்தால் உங்கள் கை வெகுவாகத் தேறும். தொடக்கமும் முடிவும் அந்தத் தேறிய கையால் வரையப்பட வேண்டியவை. இருவர் வரைவதால், மாஸ்டரின் முகத்தை முன், பக்கம், பின் என்று வரைந்து, தலை அளவில் அவர் எத்தனை தலை உயரம் என்று குறித்த ஒரு மாடல் ஷீட்டை இருவர் மேசைக்கும் மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் மாஸ்டரின் மூக்கு மாறும்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 'டூன்ஸ்' என்ற தொழில்முறை மென்பொருளை 2016இல் 'ஓப்பன்டூன்ஸ்' என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். தாளில் வரைந்ததை ஸ்கேன் செய்து, கோட்டைச் சுத்தமாக்கி, வண்ணம் நிரப்ப அது நன்றாகப் பொருந்தும். எந்தப் படம் எத்தனை பிரேம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் எக்ஸ்போஷர் ஷீட்டும் அதிலேயே இருக்கிறது. பின்னணியைக் கணினியில் தீட்டுவதானால் 'க்ரிட்டா' போதும். ஸ்கேன் 200 டி.பி.ஐ. அளவில், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளிகளாக, எடுங்கள். ஏ4 தாள் அப்போது ஏறக்குறைய 2,340 × 1,650 புள்ளிகளாக வரும். 1,920 × 1,080 திரைக்கு அது தாராளம். 150இல் எடுத்தால் அகலம் போதாது. 300இல் எடுத்தால் ஆயிரக்கணக்கான கோப்புகள் உங்கள் கணினியை முடக்கிவிடும். ஒவ்வொரு இரவும் இரண்டாவது வன்தட்டில் நகல் எடுத்து, அந்த வன்தட்டை வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

வசனத்தைத் தவிர்க்கும்படி முன்பே சொன்னேன். "மாமா, ரெண்டு டீ" என்று ஒரு குரலாவது வேண்டுமென்று தோன்றினால், பேசுபவர் முகத்தைக் காட்டாமல் திரைக்கு வெளியிலிருந்து வரவிடுங்கள். முகத்தைக் காட்டியே ஆக வேண்டுமானால், 'மா' இரண்டுக்கும் உதடு இரண்டு பிரேம்களாவது முழுவதும் மூட வேண்டும். ஒலி வருவதற்கு ஒரு பிரேம் முன்பே மூடினால் இன்னும் பொருந்தும். 'டீ'யின் நெடிலுக்கு வாய் பக்கவாட்டில் விரிந்து, ஒலி அடங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். நடுவில் உள்ள 'ரெண்டு'வுக்கு ஒவ்வோர் எழுத்தாக வாய் வரைந்தால் முகம் படபடக்கும். தாடை ஒருமுறை இறங்கி ஏறினால் போதும்.

ஒலியை உண்மையான டீக்கடையில் பதிவு செய்யுங்கள். ஸ்பூன் கிளாஸில் மோதுவது, பாய்லர் சீறுவது, பால் பொங்குவது என ஒவ்வொன்றையும் மைக்கை அருகில் வைத்துத் தனித்தனியாக எடுங்கள். கடையில் ஓடும் சினிமாப் பாட்டு பதிவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமை பெறாத இசை ஒரு வரி இருந்தாலும், பிரான்சில் 1960 முதல் நடக்கும் ஆன்னசி அசைபட விழாவுக்கோ, 1990இல் தொடங்கிய மும்பை குறும்பட, ஆவணப்பட விழாவுக்கோ படத்தை அனுப்ப நினைக்கும்போது அது தடையாக நிற்கும்.

மேலே நான் போட்ட கணக்கு, நாளொன்றுக்கு 12 படங்கள் என்ற ஒரே எண்ணின் மேல் நிற்கிறது. அது உங்கள் கையின் எண் அன்று. ஆகவே ஸ்டோரிபோர்டைத் தொடுவதற்கு முன், இந்த வாரத்தில் மூன்று மாலைகளை ஒதுக்கி, நான் சொன்ன டீ ஆற்றும் சுழற்சியை 20 படங்களில், ரஃப் முதல் வண்ணம் வரை, வரையும் இருவரும் தனித்தனியே முடியுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் தாளின் பின்புறம் எழுதுங்கள். மூன்று மாலைகளின் சராசரி எட்டு என்று வந்தால் படம் எண்பது நொடிக்கு மேல் போகக் கூடாது. பதினைந்து என்று வந்தால் இரண்டரை நிமிடம் வரை யோசிக்கலாம்.